தங்க மயில் வென்ற சிறிய படங்கள்: மாற்று சினிமாவுக்கு மேடை தந்த தில்லி

புது தில்லி: நட்சத்திர நடிகர்களும் பெரும் முதலீடும் இல்லாத திரைப்படங்களுக்குத் திரையரங்குகள் கிடைப்பது எப்போதுமே கடினம். அத்தகைய படங்கள் பலவற்றுக்குத் திரைப்பட விழாக்களே முதல் திரையாக அமைகின்றன. இந்தியாவில் அந்த வாய்ப்பை உருவாக்கியதில் தலைநகர் தில்லிக்கு முக்கியப் பங்கு உண்டு.

போட்டிப் பிரிவின் தொடக்கம்

இந்திய சர்வதேசத் திரைப்பட விழா 1952-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கியது. முதல் இரண்டு விழாக்களில் போட்டிப் பிரிவு இல்லை. 1965 ஜனவரியில் தில்லியில் நடைபெற்ற மூன்றாவது விழாவில்தான் போட்டி அறிமுகமானது. நடுவர் குழுவுக்கு இயக்குநர் சத்யஜித் ராய் தலைமை வகித்தார். உயரிய விருதான தங்க மயில், இலங்கை இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’ என்ற சிங்களப் படத்துக்குக் கிடைத்தது.

ஸ்டூடியோவை விட்டு வெளியேறிய படம்

முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொரொந்துவ’ 1947-இல் மதுரை ஸ்டூடியோவில் உருவானது. அதன் பிறகும் பல சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களில், இந்தியப் படங்களின் பாணியிலேயே எடுக்கப்பட்டன. பீரிஸ் அந்த வழக்கத்திலிருந்து விலகினார். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவிய ‘கம்பெரலிய’, ஸ்டூடியோவுக்கு வெளியே படமாக்கப்பட்டது. தென்னிலங்கைக் கிராமம் ஒன்றில் பழைய செல்வந்தக் குடும்பம் நலிவதையும், புதிய வணிக வர்க்கம் எழுவதையும் அப்படம் அமைதியாகச் சித்தரிக்கிறது. சிறிய திரைத்துறையைச் சேர்ந்த இப்படம் சர்வதேச விருது பெற்றது, இலங்கை சினிமாவை உலகம் கவனிக்க வழிவகுத்தது. புதுப்பிக்கப்பட்ட அதன் பிரதி, 2008-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பேசாத நாயகன்

1981-ஆம் ஆண்டு தில்லி விழாவில் கோவிந்த் நிஹலானியின் ‘ஆக்ரோஷ்’ என்ற ஹிந்திப் படம், பல்கேரியப் படம் ஒன்றுடன் தங்க மயில் விருதைப் பகிர்ந்துகொண்டது. ஒளிப்பதிவாளராக அறியப்பட்ட நிஹலானி இயக்கிய முதல் படம் இது. மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பழங்குடித் தொழிலாளியாக ஓம் புரி நடித்தார். படத்தின் பெரும்பகுதியில் அந்தப் பாத்திரம் வாய் திறப்பதில்லை. அவரது மௌனத்தின் காரணத்தைத் தேடும் இளம் வழக்கறிஞராக நசீருதீன் ஷா தோன்றினார். விஜய் டெண்டுல்கர் எழுதிய இக்கதை, அதிகாரத்தின் முன் எளியோர் பேச முடியாத நிலையை வெளிப்படுத்தியது.

விருதின் பயன் என்ன?

விழா விருது ஒரு படத்துக்கு வசூலை உறுதி செய்வதில்லை. ஆனால், விமர்சகர்களின் கவனத்தையும் பிற விழாக்களின் அழைப்பையும் பெற்றுத் தரும். இயக்குநரின் அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைப்பதற்கும் அது உதவக்கூடும். விளம்பரத்துக்குப் பணம் இல்லாத படைப்பாளிகளுக்கு இதுவே பெரும் மூலதனம்.

இன்றைய நிலை

இந்திய சர்வதேசத் திரைப்பட விழா 2004-இல் கோவாவுக்கு மாறியது. ‘சினிமாயா’ இதழைத் தொடங்கிய அருணா வாசுதேவின் முயற்சியால் 1999-இல் உருவாகி, ஆசியப் படங்களைத் தில்லிக்குக் கொண்டுவந்த ‘சினிஃபேன்’ விழாவும் 2012-க்குப் பிறகு நடைபெறவில்லை. இந்தியா ஹாபிடாட் சென்டர் நடத்தும் திரைப்பட விழா, பல்வேறு இந்திய மொழிப் படங்களைத் தலைநகர ரசிகர்களிடம் கொண்டு சேர்த்து வருகிறது. எனினும், பெயர் அறியாத இயக்குநரின் படமும் உலகப் படங்களோடு சரிசமமாகப் போட்டியிட்ட அந்த மேடைகள் தில்லியை விட்டு அகன்றது, மாற்று சினிமா ரசிகர்களுக்கு இழப்பாகவே உள்ளது.