முதுகு காட்டி நிற்கும் அன்னா

தோழர்களே, சங்ககிரிக் கோட்டை என்றதும் 1805 ஜூலை 31 நம் நினைவுக்கு வருகிறது. தீரன் சின்னமலை இங்கே தூக்கிலிடப்பட்ட நாள் அது. அவரோடு களத்தில் நின்றவராக அருந்ததியர் மக்கள் போற்றும் பொல்லானுக்கு நினைவுமண்டபம் கேட்டு நெடுங்காலம் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. ஒரு கிளர்ச்சியை நினைவுகூரும்போது யாரை முன்னால் நிறுத்துகிறோம்? இந்தக் கேள்வியோடு ஒரு படத்தைப் பார்ப்போம்.

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1902–03இல் செய்த 'கிளர்ச்சி' என்னும் எச்சிங் அது. 1524–25இல் ஜெர்மன் உழவர்கள் பிரபுக்களை எதிர்த்து நடத்திய போரைச் சொல்லும் ஏழு படங்களில் ஐந்தாவது.

உலோகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். இதுவே எச்சிங். ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் கிடைப்பதால், படம் ஒரு செல்வந்தர் வீட்டுச் சுவரோடு முடங்கிவிடாது.

படத்தில் வெட்டவெளி. ஆயுதம் ஏந்திய உழவர்கள் குனிந்தபடி பாய்ந்து ஓடுகிறார்கள். முன்னால் 'கறுப்பு அன்னா' என்ற குடியானவப் பெண், இரு கைகளையும் உயர்த்தி அவர்களை உந்துகிறாள். அவள் முகம் நமக்குத் தெரியாது, முதுகுதான் தெரிகிறது. அதனால் நாம் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க முடியாது. அவள் பின்னால், அவள் பார்க்கும் திசையையே பார்த்து நிற்கிறோம்.

இந்த வரிசையின் முதல் படத்தில் மாடுகளின் இடத்தில் மனிதர்கள் ஏர் இழுக்கிறார்கள். இரண்டாவது, வன்புணர்வுக்கு ஆளான பெண். ஆறாவது, இரவில் விளக்கோடு பிணங்களுக்கிடையே தேடும் பெண். ஏழாவது, கட்டுண்ட கைதிகள். கோபத்தின் காரணத்தையும் தோல்வியின் விலையையும் கோல்விட்ஸ் மறைக்கவில்லை. அரசனோ தளபதியோ நடுவில் இல்லை.

இப்படங்களைச் சீனத்தில் லூ சுன் 1936இல் தொகுத்து வெளியிட்டார். வங்கத்தில் குத்தகை உழவர்கள் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்ட தெபாகா போராட்டத்தை 1946இல் சோம்நாத் ஹோர் வரைந்தார்.

நம் ஊர்ப் போராட்டங்களிலும் அன்னாக்கள் இருந்தார்கள். கூலி உயர்வு கேட்டவர்கள், பொதுக்கிணற்றில் குடத்தோடு நின்றவர்கள். அவர்களைப் படமாக்க முதலில் பெயர் வேண்டும். மாணவத் தோழர்களே, உங்கள் தெருவின் மூத்த பெண்களிடம் கேளுங்கள். ஆண்டையும் ஊரையும் சேர்த்து எழுதி வையுங்கள். அந்தத் தகட்டில் முதல் கீறல் அதுதான்.