இரண்டாம் வாரத்தில் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலிருந்து மனநல மருத்துவரான என்னிடம் வருகிறவர்கள் பலரும் ஒரு தடித்த கோப்போடு வருவார்கள். இசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி, ஸ்கேன் என்று அதில் எல்லாம் இருக்கும், எல்லாவற்றிலும் ‘நார்மல்’ என்றும் இருக்கும். நெஞ்சு அடைக்கிறது என்று இதய மருத்துவரிடமும், வாயுத் தொல்லை என்று வயிற்று மருத்துவரிடமும் ஒன்றிரண்டு வருடம் அலைந்திருப்பார்கள். அதற்குள் பசி போயிருக்கும். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டினால் பிறகு தூக்கம் வராது. கல்லாவில் உட்கார்ந்தால் கணக்கு மனதில் நிற்காது. மனச்சோர்வு என்று நான் சொன்னதும், கூட வந்த அண்ணனோ மாமனாரோ, “அதெல்லாம் இல்லை டாக்டர், கொஞ்சம் டென்ஷன்” என்று முந்திக்கொள்வார்கள்.

இவ்வளவு தாமதமாக வந்தவர்கள் மாத்திரையை மட்டும் பத்தே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

ஊளம்பாறை என்ற பெயர்

1870இல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை ஊளம்பாறையில் இருக்கிறது. இந்த ஊரில் அந்தப் பெயர் இன்னும் கேலிச் சொல்லாகவே புழங்குகிறது. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமிருந்து வந்து தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருக்கும் குடும்பங்களில் அந்தப் பெயர் மீதான பயம் இரட்டிப்பு. பெண் கொடுக்க மாட்டார்கள், சொந்தக்காரர்கள் காதுக்குப் போய்விடும் என்று மறைக்கிறார்கள். மனச்சோர்வுக்கு வருகிற பெரும்பாலோருக்கு எந்த மருத்துவமனையிலும் படுக்க வேண்டிய தேவையே இல்லை. வெளிநோயாளியாக வந்து, மாத்திரை வாங்கி, மறுநாள் கடை திறக்கலாம்.

மாத்திரை என்ன செய்கிறது

எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்ஸெட்டின் போன்றவை, நரம்புச் செல் வெளியிட்ட செரடோனின் என்ற இரசாயனத்தை அதே செல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கின்றன. டுலாக்ஸெட்டின் நார்எபினெஃப்ரின் என்ற இன்னொரு இரசாயனம் உறிஞ்சப்படுவதையும் சேர்த்தே தடுக்கிறது. வென்லாஃபாக்சின் குறைந்த அளவில் பெரும்பாலும் செரடோனினிலும், அளவு கூடும்போது நார்எபினெஃப்ரினிலும் வேலை செய்யும். அதனால்தான் அதைக் கூட்டும்போது இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறோம்.

இந்தத் தடுப்பு முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். ஆனால் செரடோனின் கூடியதை உணர்ந்த செல்கள், தங்கள் மேல் உள்ள உணரிகள் வழியாகத் தம்மைத் தாமே அடக்கிக்கொள்கின்றன. அந்த உணரிகள் மந்தமாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குப் பிறகே நரம்பு இணைப்புகளில் மெல்ல மாற்றம் வரும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம்.

பக்கவிளைவு அப்படிக் காத்திருக்காது. உடலில் உள்ள செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதனால் முதல் வாரத்திலேயே குமட்டல், வயிற்றுப் போக்கு, சிலருக்குப் படபடப்பு. பலருக்கு இவை ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். சரியாக அந்த நேரத்தில்தான் “ஒத்துக்கலை” என்று மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் போன் செய்யுங்கள், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். முதல் மருந்திலேயே முழுமையாகத் தெளிகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது வழி இருக்கிறது.

மூளையில் செரடோனின் குறைந்துபோய் இந்த நோய் வருகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. அந்தக் கருத்துக்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதைக் கேள்விப்பட்டு மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. நோயின் காரணம் பற்றிய விவாதம் வேறு, மருந்து பயன் தருகிறதா என்ற கேள்வி வேறு. மிதமான, கடுமையான மனச்சோர்வில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட இவை மேலானவை என்பதற்குச் சான்று உண்டு.

சர்ப்பகந்தி வேர் வேண்டாம்

தூக்கத்துக்கும் பிரஷருக்கும் நல்லது என்று யாரோ சொல்ல, சர்ப்பகந்தி வேர்ப்பொடியை மாதக்கணக்கில் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, மனம் இன்னும் இருண்டுபோய் வருகிறார்கள். இங்கே மலையாளத்தில் அமல்பொரி என்பார்கள். அதில் மருந்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது, ஆபத்தும் அதனால்தான்.

கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931இலேயே இதைச் சித்தப்பிரமைக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தாக எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதி உலகம் அறியச் செய்தார். 1952இல் சுவிட்சர்லாந்தில் இதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. ரெசர்பின் நரம்பு முனைகளில் சேமித்த செரடோனினையும் நார்எபினெஃப்ரினையும் காலி செய்துவிடும். அதைச் சாப்பிட்ட இரத்த அழுத்த நோயாளிகள் சிலர் மனச்சோர்வில் விழுந்தார்கள். அதே காலத்தில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனயாசிட், இந்த இரண்டு இரசாயனங்களும் சிதையாமல் காத்தபோது நோயாளிகள் உற்சாகமானார்கள். இன்றைய மாத்திரைகளின் ஆராய்ச்சி பெரிதும் இந்த இரண்டு கவனிப்புகளிலிருந்து வளர்ந்ததுதான். மனம் ஏற்கெனவே சோர்ந்திருப்பவர் இந்த வேரைத் தானாக வாங்கிக் குடிப்பது எவ்வளவு தவறு என்று யோசித்துப் பாருங்கள்.

பழகிவிடும் என்ற பயம்

மனச்சோர்வு மாத்திரைக்குப் பயப்படுகிறவர்கள், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்பிரஸோலத்துக்குப் பயப்படுவதில்லை. பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குகிறார்கள். பழகுவது அதுதான். நாளுக்கு நாள் அளவு கூடக் கேட்பதும் அதுதான். செர்ட்ராலின் போன்றவற்றில் அப்படி அடிமையாவது கிடையாது. ஆனால் இவற்றையும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். வென்லாஃபாக்சினிலும் பராக்ஸெட்டினிலும் இது அதிகம். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்தவர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவது இன்னொரு தவறு. மைத்துனருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்? இருமுனை நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் வெறிநிலைக்குத் தள்ளிவிடலாம். முதியவருக்கு உடலில் சோடியம் இறங்கிக் குழப்பம் வரலாம். வலிக்கு டிரமடால், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த சிரப் என்று கடையில் கேட்டு வாங்கிச் சேர்த்தால் செரடோனின் அளவு மீறி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசை வெட்டி இழுத்தல் வரலாம். இது உயிருக்கே ஆபத்து. என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மருந்துக் கடையிலும் சொல்லுங்கள். மறைப்பதால் யாருக்கு லாபம்?

பரிசோதனை

மாத்திரை தொடங்குமுன் பார்க்க வேண்டியவை தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, முதியவர்களுக்கு சோடியம். பெரும்பாலோருக்கு இவ்வளவு போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

தயவுசெய்து முதல் மாதம் நோயாளியைத் தனியாக விடாதீர்கள். மனம் தெளிவதற்கு முன்பே உடலில் தெம்பு வந்துவிடும் நாட்கள் சில உண்டு, அவை ஆபத்தான நாட்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். மாத்திரை அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். குறிப்பாக அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடும்.

“நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்று ஒருவர் சொன்னால் வாயை அடக்கச் சொல்லாதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பண்டிகை வியாபாரம் முடியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கே அழைத்து வாருங்கள். மருத்துவக் கல்லூரியிலும் மனநல வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. இரவாகிவிட்டால் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, கேரள அரசின் உதவி எண் திஷா 1056. இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. டெலிமானஸில் தமிழிலும் பேசலாம்.