ஒரே வகுப்பில் அண்ணனும் தங்கையும்

மொத்த மாணவர் எண்ணிக்கை 30க்குக் கீழே இறங்கிவிட்ட பள்ளியில் இரண்டு ஆண்டுகளின் மாணவர்களை ஓர் அறையில் சேர்த்து உட்கார வைப்பார்கள். இதுதான் கூட்டு வகுப்பு. ஆண்டு இரண்டில் தங்கை, ஆண்டு மூன்றில் அண்ணன், இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே. “அங்கே என்ன படிப்பு வந்துவிடப் போகிறது?” என்று பெற்றோர் ஈப்போ பள்ளிக்கு வேன் பிடிக்கிறார்கள்.

பேராக்கின் தோட்டப் பள்ளிகள் சிறுத்துப் போனது ஆசிரியரால் அல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பெயர்ந்தன. பள்ளி அங்கேயே நின்றுவிட்டது.

கூட்டு வகுப்பில் படிப்பு கெடுமா? நெதர்லாந்து ஆய்வாளர் சைமன் வேன்மன் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் சொன்ன விடை: சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இந்தியாவில் ‘பிரதம்’ அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. வயதையும் வகுப்பையும் பாராமல், பிள்ளைக்கு எதுவரை தெரியும் என்று பார்த்துக் குழு பிரித்தது. பின்தங்கிய பிள்ளைகள் இதனால் முன்னேறியதை, 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினரின் ஆய்வுகள் காட்டின.

ஒரு கணக்கையே பாருங்கள். 42இல் 17 போனால்? அண்ணன் 35 என்று எழுதுகிறான். இரண்டில் ஏழு போகாதே என்று ஏழில் இரண்டைக் கழித்துவிட்டான். வெண்பலகையில் எத்தனை முறை போட்டுக் காட்டினாலும் இந்தத் தவறு திரும்ப வரும். செம்பனை ஈர்க்குச்சிகளைக் கொடுங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பட்டை போட்டுக் கட்டுவது தங்கையின் வேலை. அவளுக்கு அது இடமதிப்புப் பாடம். நான்கு கட்டு, இரண்டு உதிரி. ஏழு குச்சி எடுக்க வேண்டுமானால் அண்ணன் ஒரு கட்டை அவிழ்த்தே ஆகவேண்டும். கடன் வாங்குவது என்றால் என்னவென்று அந்த நொடியில் அவன் கைக்குப் புரிகிறது. ஒரே குச்சியில் இரண்டு ஆண்டுகளின் பாடம்!

கைவேலை வழியே கல்வி என்று 1937இல் வார்தாவில் காந்தி சொன்னதும் இதைத்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கும் பாடம் தயாரிப்பது இரட்டை வேலை. அதற்கான பயிற்சியையும் துணைப் பொருள்களையும் கல்வி அமைச்சு இந்த ஆசிரியர்களுக்குத் தரவேண்டும். பெற்றோரே, பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுமுன் ஒரு காலைப் பொழுது அந்தச் சின்னப் பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள்.