பொது வழங்கியில் ஆய்வுத் தரவுகளைக் காத்தல்: லினக்சு கோப்புரிமைகள் ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழியல் ஆய்வுத் தரவுகள் பலவும் இன்று மின்கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. தோட்டப்புற முதியோரிடம் திரட்டப்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் அவற்றுள் ஒருவகை. தம் பெயர் வெளிவரக் கூடாது என்னும் உறுதியின்பேரில் பேசியவர்களும் அவருள் உளர். எனவே, அக்கோப்புகள் அழியாதிருத்தலும் உரியவர் அல்லாதார் கையில் சேராதிருத்தலும் ஆய்வாளரின் கடமையாகின்றன. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் லினக்சு வழங்கியில் இவ்விரண்டிற்கும் அடிப்படையாக அமைவது கோப்புரிமை. அதன் அமைப்பையும், பலர் பிறழ உணரும் ஒரு கூறினையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மூவகைப் பயனரும் மூன்று உரிமைகளும்

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கத் தொடங்கிய லினக்சு, யூனிக்சின் உரிமை முறையைப் பின்பற்றுகிறது. அம்முறையில் பயனர், கோப்பின் உடைமையாளர், குழுவினர், பிறர் என மூவகைப்படுவர். ஒவ்வொரு வகையினர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய உரிமைகளை வழங்கலாம் அல்லது மறுக்கலாம். இவற்றின் எண்மதிப்பு முறையே 4, 2, 1 ஆகும்.

சான்றாக, 640 என்பதை நோக்குவோம். 6 என்பது 4, 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. ஆதலின் உடைமையாளர் படிக்கவும் எழுதவும் இயலும். குழுவினர் படிக்க மட்டுமே இயலும். பிறர்க்கு எவ்வுரிமையும் இல்லை. இவ்வெண்களை இடுவதற்குரிய கட்டளை ‘சிஎச்மோட்’ எனப்படும்.

கோப்புறையின் தனித்தன்மை

கோப்புறைக்கும் இதே மூன்று உரிமைகள் உண்டு. ஆயின் பொருள் வேறு. படித்தல் என்பது உள்ளிருக்கும் பெயர்களைப் பட்டியலிடுதல். இயக்குதல் என்பது அதனுள் நுழைந்து கோப்புகளை அணுகுதல். எழுதுதல் என்பது கோப்புகளைப் புதிதாக உருவாக்குதல், பெயர் மாற்றுதல், நீக்குதல். ஆகவே, ஒரு கோப்பை நீக்கும் உரிமை அக்கோப்பைச் சார்ந்ததன்று. அது கோப்புறையைச் சார்ந்தது.

இதனை நாங்கள் பட்டறிவால் உணர்ந்தோம். எங்கள் ஆய்வுக்குழுவின் எழுத்துப்பெயர்ப்புகளுக்கு 444 என உரிமை அளித்து, எவராலும் மாற்ற இயலாது என நம்பியிருந்தோம். அவை இருந்த கோப்புறைக்கோ, வசதி கருதி, 777 என இட்டிருந்தோம். தேவையற்றவற்றைத் துப்புரவு செய்ய முனைந்த ஒருவர் அவற்றையும் சேர்த்து நீக்கிவிட்டார். ஒலிநாடாக்கள் எஞ்சியிருந்தமையால் பேச்சு தப்பியது. எழுத்துப்பணியை மீண்டும் செய்ய நேர்ந்தது. பிழை நீக்கியவருடையதன்று, 777 இட்ட எங்களுடையதே.

பரிந்துரைக்கத்தக்க அமைப்பு

மூலப் பதிவுகளுக்கெனப் பொறுப்பாளர் ஒருவரை உடைமையாளராக்கி, கோப்புறைகளுக்கு 750, கோப்புகளுக்கு 640 என இடுதல் தகும். குழுவினர் கேட்கலாம், படிக்கலாம், நீக்க இயலாது. பிறர் நுழையவே இயலாது. கோப்புறைக்கும் 640 என இட்டுவிடின் குழுவினரும் உள்ளே செல்ல இயலாமற்போகும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

குழுவினர் கூடிப் பணிசெய்யும் கோப்புறைக்கு 3770 பொருந்தும். முன்னிற்கும் 3 என்பது 2, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. 2 இருப்பதால் அதனுள் உருவாகும் கோப்புகள் கோப்புறையின் குழுவிற்கே உரியனவாகும். 1 இருப்பதால் ஒரு கோப்பை அதன் உடைமையாளரோ கோப்புறையின் உடைமையாளரோ மட்டுமே நீக்க இயலும். இதனுடன் ‘யூமாஸ்க்’ மதிப்பை 027 என அமைத்தால், புதிய கோப்புகள் பொதுவாக 640 என்னும் உரிமையுடன் உருவாகும்.

முடிவுரை

கோப்புரிமைக்கும் எல்லை உண்டு. ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனரை அது தடுப்பதில்லை. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துவோரிடமிருந்தும் அது காப்பதில்லை. அதற்கு மறைகுறியாக்கமும், இழப்பை ஈடுசெய்ய வேறிடத்தில் ஒரு படியும் தேவை. எனினும், அன்றாடம் நேரும் தவறுகளையும் வரம்பு மீறிய பார்வையையும் தடுக்கும் முதல் அரண் இதுவே. கோப்பைப் பூட்டுமுன் அது வைக்கப்பட்டுள்ள கோப்புறையின் உரிமையை நோக்குதல், நம்மை நம்பிப் பேசியோர்க்கு நாம் ஆற்றும் கடமையாகும்.