மழை மாதங்களில் உப்பளம் காத்தல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

தமிழகத்தில் உப்பு விளைச்சலில் முதலிடம் வகிப்பது நம் தூத்துக்குடி மாவட்டமாகும். வேப்பலோடை, தருவைக்குளம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி எனக் கடலோரம் நெடுகிலும் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள் நிற்பதை நாம் பேருந்தில் செல்லும்போது கண்டிருக்கிறோம். ஆனால் அது கோடைக் காட்சி. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிய பின் அந்த உப்பளங்கள் என்ன ஆகின்றன? அவற்றை எவ்வாறு காக்கின்றனர்? பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து நாள்தோறும் உப்பளத்திற்கு வேலைக்குச் சென்று வருபவர் என் தாயார். அவரிடம் கேட்டறிந்ததையும் வகுப்பில் கற்றதையும் இணைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

குளிர் நாடுகளில் வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்போர் பனிக்காலம் வருமுன் அதை மூடி வைப்பர். நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. குழாயில் நீர் நின்றுவிட்டால் குழாயே வெடித்துவிடும். ஆகவே குழாய்களை வடித்து, குளத்தின் மேல் விரிப்பை இழுத்துக் கட்டி, வசந்தம் வரும்வரை காத்திருப்பர். நம் உப்பளமும் ஒருவகைக் குளமே. ஆனால் அதற்குப் பகை பனிக்கட்டியன்று. வானிலிருந்து விழும் நன்னீரே பகை.

உப்பு விளையும் விதம்

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நீரின் அடர்த்தியை அளக்கப் பிரெஞ்சு நாட்டு வேதியியலார் போமே 1768இல் வகுத்த அளவுகோலே உப்பளங்களில் இன்றும் வழக்கிலுள்ளது. தொழிலாளர் அதைச் சுருக்கமாக ‘டிகிரி’ என்பர். கடல்நீர் சுமார் 3 முதல் 3½ டிகிரி இருக்கும். தூத்துக்குடிப் பகுதியில் ஆழ்குழாய்க் கிணற்று உவர்நீரையும் பெருமளவில் பயன்படுத்துகின்றனர். இந்நீரைத் தெப்பம் எனப்படும் பெரிய பாத்திகளில் நிறுத்தி வெயிலில் சுண்ட விடுகின்றனர். முதலில் சுண்ணாம்புக் கார்பனேட்டும், 13 டிகிரிக்கு மேல் ஜிப்சமும் படிகின்றன. 25 டிகிரியை எட்டியதும் நீர் விளைச்சல் பாத்திக்குப் பாய்கிறது. அங்கேதான் சோடியம் குளோரைடு பூக்கிறது. 29 டிகிரியைத் தாண்டினால் கசப்பான மக்னீசிய உப்புகள் கலக்கும் என்பதால் எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவர்.

மழை செய்யும் கேடு

இத்தனை நாள் வெயில் சேர்த்ததை மழை ஒரே இரவில் கலைத்துவிடும். பாத்தியில் 25 டிகிரி நீர் 10 செ.மீ. உயரம் நிற்பதாகக் கொள்வோம். அதன்மீது 10 செ.மீ. மழை பெய்து முற்றிலும் கலந்தால், கணக்குப்படி அது 14 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். மற்றொரு கணக்கும் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் 1 செ.மீ. மழை என்பது ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர். ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்க வல்லது. ஆக, அந்த நீர் தெவிட்டும் வரை கரைத்தால் 14 டன் உப்பு போய்விடும்!

கேடு உப்போடு நிற்பதில்லை. பாத்தியின் தரை களிமண்ணால் ஆனது. உவர்நீர் நிற்கும்வரை களிமண் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு இறுகியிருக்கும். மழைநீர் உப்பைக் கழுவிவிட்டால் சோடியம் ஏறிய அத்துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிப் பிரிந்து குழம்பாகிவிடும். கூழ்மங்களைப் பற்றி நாம் படிக்கும் பாடம் உப்பளத்தின் சேற்றிலே கிடக்கிறது எனலாம்.

காக்கும் முறைகள்

முதல் வேலை, மழைக்கு முன்பே விளைந்த உப்பை வாரி எடுத்து மேடான இடத்தில் அம்பாரமாகக் குவித்தல். அம்பாரத்தின் மேல் பனையோலை வேய்வர். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும், தார்ப்பாயும் போடுகின்றனர். காற்றில் பறக்காமலிருக்க ஓரங்களை இறுகக் கட்ட வேண்டும். இரண்டாவது, வரப்புகளை மண் இட்டு உயர்த்தி, வடிகால்களைத் தூர் வாருதல். மூன்றாவது, கைவசமுள்ள அடர்நீரைக் காத்தல். இதற்கு ஆழமான தேக்கமே ஏற்றது. ஆழம் கூடக் கூட அதே மழை நீர்த்துப்போகச் செய்வதும் குறைகிறது. மேலும், அடர்நீர் கனமானதாகையால் அடியில் தங்க, மழைநீர் சிறிது நேரம் மேலே மிதக்கும். காற்று அதைக் கலக்கிவிடுமுன் மேல்மட்ட நீரை மட்டும் மடைவழியே வடித்துவிட்டால் அடிநீர் பிழைக்கும். மழை பெய்யும் நேரத்திலேயே மடை பார்க்க ஆள் வேண்டியிருப்பது இதனால்தான்.

இவ்வளவு செய்தும் இயற்கை மிஞ்சிவிடும் நாளுண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று. உப்பளங்கள் ஏரிகளாயின, அம்பாரங்கள் கரைந்தன.

செய்நேர்த்தி

மழை ஓய்ந்து தை பிறந்ததும் செய்நேர்த்தி தொடங்கும். தேங்கிய நீரை வடித்து, சேற்றை வழித்தெடுத்து, உடைந்த வரப்பைக் கட்டி, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவர். தரை இறுகாவிடில் அடர்நீர் கீழே கசிந்து வீணாகும். உப்பை வாரும்போது சேறும் சேர்ந்து வரும். உப்பின் வெண்மை வெயிலால் வருவது என்று நினைக்கிறோம். அதில் பாதி இந்த மிதியால் வருவது என்பார் என் தாயார். உவர்ச் சேற்றில் நாள் முழுதும் நிற்பதால் அவர் பாதங்களில் ஏற்பட்ட வெடிப்புகள் ஆண்டு முழுவதும் ஆறுவதில்லை.

தொழிலாளரைக் காப்பது யார்?

மேற்கூறிய காவல் வேலைகளுக்குச் சிலரே போதும். மற்றவர்க்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வேலையில்லை. வேலையில்லையேல் கூலியும் இல்லை. எங்கள் வீட்டில் அந்த மூன்று மாதமும் கடையில் கடன் எழுதுவது வழக்கம். தை, மாசிக் கூலி அக்கடனுக்கே போகும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தவன் நான். முதல் பருவக் கட்டணம் கட்டியதும் அப்படிப்பட்ட கடனில்தான். 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. ஆயினும் மூன்று மாதத்திற்கு 5,000 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 56 ரூபாய்கூட ஆகாது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

முடிவுரை

அம்பாரத்திற்கு ஓலை உண்டு. அடர்நீருக்கு ஆழமான தேக்கம் உண்டு. அவற்றைக் காத்தால்தான் அடுத்த பருவம் என்பதை உப்பளம் அறிந்தோர் அனைவரும் அறிவர். அந்தத் தரையை மிதித்து இறுக்கும் கால்களும் அடுத்த பருவத்திற்கு வேண்டியவையே. மழை மாதங்களில் தொழிலாளர்க்குக் குறைந்த அளவு கூலியேனும் உறுதி செய்வதை உப்பளப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். “உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்றனர் நம் முன்னோர். நண்பர்களே, விடுதி உணவில் உப்பு குறைந்தால் குரல் கொடுக்கும் நாம், அந்த உப்பை விளைவித்தவர்க்காகவும் ஒருமுறை குரல் கொடுப்போமாக!