டயாலிசிஸ் செய்பவர்கள் நாக்கின் பலத்தை ஏன் கவனிக்க வேண்டும்?

"அப்பாவுக்கு இப்பல்லாம் சோறு இறங்கவே மாட்டேங்குது, கஞ்சிதான் குடிக்கிறார்." டயாலிசிஸுக்குப் போய் வருபவர் இருக்கும் வீடுகளில் இது சகஜமான பேச்சு. பசியில்லை, வயசாயிடுச்சு என்று விட்டுவிடுகிறோம். நாக்கைப் பற்றி யோசிப்பதில்லை.

நாக்கு ருசி பார்ப்பதற்கு மட்டுமல்ல. அதுவும் ஒரு தசைதான். மென்ற உணவைத் திரட்டி, மேலண்ணத்தில் அழுத்தித் தொண்டைக்குத் தள்ளுவது அதன் வேலை. அந்த அழுத்தத்தை அளக்கவும் முடியும். வாய்க்குள் சின்ன பலூன் ஒன்றை வைத்து, நாக்கால் மேலே நசுக்கச் சொல்வார்கள். 30 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் பலவீனம் என்பது ஜப்பானில் பின்பற்றப்படும் கணக்கு. அங்கே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் நடந்த ஆய்வுகளில், நாக்கின் பலவீனமும் ஊட்டச்சத்துக் குறைவும் சேர்ந்தே தென்பட்டிருக்கின்றன.

எது முதலில் என்று பிரிப்பது கஷ்டம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் கழிவோடு சேர்ந்து சுமார் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலங்களும் வெளியேறுகின்றன. அதைச் சாப்பாடு ஈடுகட்டாவிட்டால் உடல் தன் தசையையே கரைக்கும். நாக்கு தளர்ந்தால் கறி, சப்பாத்தியெல்லாம் தட்டிலிருந்து ஒதுங்கும். புரதம் இன்னும் குறையும்.

எடை மெஷினை நம்பியும் பிரயோஜனமில்லை. தசை கரைந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்தால், எடை அப்படியேதான் காட்டும்.

கஞ்சிக்கு வருவோம். அதில் தண்ணீர் அதிகம், புரதம் குறைவு. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவருக்கு அதுவும் கணக்கில் சேரும். இன்னொரு குழப்பம் பழைய டயட் சார்ட். டயாலிசிஸுக்கு முன்பு "புரதத்தைக் குறைங்க" என்று சொல்லியிருப்பார்கள். தொடங்கியபின் கதை மாறிவிடுகிறது: பொதுவாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை. 60 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 72 கிராம். பல வீடுகளில் பழைய சார்ட்தான் இன்னும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது!

மென்மையாக இருக்க வேண்டும், ஆனால் நீர்த்துப் போகக் கூடாது. அவிச்ச முட்டையின் வெள்ளைக்கரு, முள் நீக்கி உதிர்த்த மீன், உப்பு குறைத்த மீன் புட்டு போன்றவை கைகொடுக்கும். பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல்செட் லூஸாக இருக்கிறதா என்றும் பாருங்கள், சில சமயம் பிரச்சினை அதுதான்.

நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, சில நொடிகள் பிடித்து விடும் பயிற்சியால் முதியவர்களுக்குச் சில வாரங்களில் பலம் கூடியிருக்கிறது. ஆனால் புரதமே சாப்பிடாமல் பயிற்சி மட்டும் செய்தால் தசை எதிலிருந்து வளரும்?

தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறுகிறதா, சாப்பிட்டபின் குரல் கரகரக்கிறதா? அப்படியென்றால் பயிற்சியை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.