ஒருங்கிணைந்த ஒளிச்சுற்று: ஒரு கருத்து உற்பத்திச் சக்தியான வரலாறு

விஞ்ஞானக் கண்டுபிடிப்புகளைத் தனிமனித மேதைமையின் விளைவாக மட்டும் காண்போர், ஒரு கருத்துத் தோன்றிய காலத்துக்கும் அது சமூகப் பயன்பாட்டுக்கு வந்த காலத்துக்கும் உள்ள இடைவெளியை விளக்க இயலாது இடர்ப்படுவர். தொலைத்தொடர்பு வலையமைப்புகளிற் பயன்படும் ஒருங்கிணைந்த ஒளிச்சுற்றின் வரலாற்றை இக்கோணத்தில் நோக்குவோம்.

கண்ணாடி நாரில் ஒளியிழப்பைக் கிலோமீற்றருக்கு 20 டெசிபெல் அளவுக்குக் குறைப்பின் அதனூடாகச் செய்தி அனுப்பலாம் என 1966இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்கமும் காட்டினர். 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் அவ்வெல்லையை எட்டியது. இடையில், 1969இல், பெல் ஆய்வுகூடத்தின் ஸ்டுவர்ட் மில்லர், பல ஒளியுறுப்புகளை ஒரே தகட்டில் அமைக்கும் கருத்தை முன்வைத்தார்.

இதன் தத்துவம் எளியது. முறிவுச் சுட்டி கூடிய நுண்வழியொன்றைச் சுட்டி குறைந்த பொருள் சூழுமாயின் ஒளி அவ்வழியினுள்ளேயே கட்டுண்டு செல்லும். சிலிக்கனின் சுட்டி ஏறத்தாழ 3.5, அதனைச் சூழும் சிலிக்காவினது ஏறத்தாழ 1.45. எனவே ஒரு மைக்ரோமீற்றரிலும் ஒடுங்கிய பாதையில் ஒளியை வளைத்துச் செலுத்தலாம். ஆயின் சிலிக்கன் ஒளியைத் திறம்பட உமிழாது. ஒளியைப் பிறப்பிக்க இந்தியம் பொஸ்பைட்டுப் போன்ற, உருவாக்கக் கடினமான பொருள்கள் வேண்டும்.

தாமதத்துக்கு இத்தொழினுட்ப இடர்ப்பாடு ஒரு காரணம். மற்றையது சமூகத் தேவை. குரலை மட்டும் சுமந்த தொலைபேசி வலையமைப்புக்குத் தனித்தனி உறுப்புகளே போதுமாயிருந்தன. 1990களில் இணையப் போக்குவரத்துப் பெருகி, ஒரே நாரிற் பல அலைநீளங்கள் செலுத்தப்பட்டபோது, ஒவ்வோர் அலைநீளத்துக்கும் வேறுவேறாக ஒளியை மின்னாகவும் மின்னை ஒளியாகவும் மாற்றும் செலவு பெருஞ்சுமையாயிற்று. இச்செலவைக் குறைக்கும் கட்டாயமே ஒருங்கிணைப்பை உந்தியது. 2000களின் நடுப்பகுதியில் இன்பினெரா நிறுவனம், செக்கனுக்கு 10 கிகாபிட் வீதம் பத்து அலைநீளங்களை அனுப்பும், ஐம்பதுக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கொண்ட இந்தியம் பொஸ்பைட்டுச் சிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இங்கு ஒரு முரண்பாடு வெளிப்படுகின்றது. பெல் ஆய்வுகூடத்தை நீண்டகாலம் தாங்கியது, அமெரிக்கத் தொலைபேசிச் சந்தாதாரர் செலுத்திய கட்டணமே. அறிவு சமூக உழைப்பின் விளைவு. உடைமையோ சிலரிடம் குவிகின்றது. 2025இல் இன்பினெராவை நோக்கியா வாங்கியது. அதே ஆண்டிற் சீனா இந்தியம் பொஸ்பைட்டின் ஏற்றுமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. ஒளி செல்லும் வழியைப் பௌதிகம் வகுத்துத் தரலாம். அவ்வழி எவர் கையில் இருக்கும் என்பதை உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன.